எல்லோருக்கும் பேஸ் வாசித்தவள்

எங்கள் இசைக் கல்லூரியின் ஜாஸ் துறையில் கல்லை விட்டெறிந்தால் சாக்ஸபோன்காரன் மேல் விழும். அவன் குனிந்துகொண்டால் பின்னால் நிற்கும் கித்தார்காரன் மேல் விழும். டபுள் பேஸ் என்கிற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை வாசிப்பவர் மேல் விழ வேண்டுமானால் குறி பார்த்துத்தான் எறிய வேண்டும். நான் படித்த வருடங்களில் கடைசிவரை அப்படி இருந்தது ஒரே ஒருத்தி. அவளை நாங்கள் எறும்பு என்று கூப்பிடுவோம்.

பெயர்க் காரணம் கேட்க வேண்டியதில்லை. அவள் குள்ளம். பேஸோ நிறுத்தி வைத்தால் அவளைவிட ஒரு சாண் உயரம், இடுப்போ பீப்பாய். பேருந்து நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாசல் வரை அதை முதுகில் சாய்த்துக்கொண்டு அவள் வருவதைப் பார்த்தால், ரொட்டித் துண்டை இழுத்துப் போகிற எறும்புதான் ஞாபகத்துக்கு வரும். முதல் நாளே யாரோ சொன்னார்கள். அவளும் சிரித்தாள். ஒட்டிக்கொண்டது.

நான் டிரம்ஸ். அதனால் எனக்கு இடி என்று பெயர். ஜாஸில் பேஸும் டிரம்ஸும் ஒரே வண்டியின் இரண்டு சக்கரம் மாதிரி. அவள் விரல் தந்தியை இழுக்கிற கணமும் என் குச்சி சிம்பல் தட்டைத் தொடுகிற கணமும் ஒன்றாக விழ வேண்டும். விழுந்தால்தான் மேலே வாசிப்பவர்களுக்குத் தரை இருக்கும். முதல் வருடம் முழுக்க நிலவறையில், கொதிகலனுக்குப் பக்கத்து அறையில், நாங்கள் இருவரும் இதைத்தான் பழகினோம். குழு வகுப்பு நடத்தும் சார் டிராம்போன்காரர். கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "வேகமா யாரு வேணா வாசிப்பாங்க. மெதுவா வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மெதுவாக வாசித்தால் ஓட்டையெல்லாம் தெரியும். எங்கள் ஓட்டைகளை நாங்கள் அந்த அறையில்தான் அடைத்தோம். அதனால் எறும்பைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவள் பேஸுக்கு வந்ததே ஒரு விபத்து. பள்ளிக்கூடத்தில் வாத்தியக் குழுவுக்குக் கருவி பிரித்துக் கொடுத்த அன்று அவளுக்குக் காய்ச்சல். திரும்பி வந்தபோது வயலின், புல்லாங்குழல் எல்லாம் போயே போய்விட்டன. மூலையில் பேஸ் மட்டும் சாய்ந்து கிடந்தது. "இதுக்கு ஆளே இல்லையேம்மா, நீ எடுத்துக்கிறியா?" என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். "சரி சார்" என்றிருக்கிறாள். அவ்வளவுதான். அவளிடம் யார் எதைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் அதுதான். யோசனையெல்லாம் பிறகுதான் வரும். பல சமயம் வராமலே போய்விடும்.

அவள் வீடு நாலாவது மாடியில். அப்பா லிஃப்ட் மெக்கானிக். பேஸின் அடிக் கம்பியில் மாட்டிக்கொள்ள ஒரு சக்கரம் செய்து கொடுத்தவர் அவர்தான், ஏதோ கழித்துப் போட்ட லிஃப்ட் கதவின் உருளையிலிருந்து. அம்மா சீருடை தைக்கும் கடையில் வேலை. அண்ணன் கூரியர் கம்பெனியில். அண்ணி ஒரு பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில், நாள் முழுக்க போனில் திட்டு வாங்குகிற உத்தியோகம். இத்தனை பேரோடு கூடத்தில் சோபாவுக்குப் பின்னால் பேஸும் படுத்திருக்கும். வீட்டில் அதற்குப் பெயர் கும்பகர்ணன். சமையலறைக்குப் போகிறவர்கள் அதன் கழுத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கல்யாணமாகி வந்த மறுநாள் காலையிலேயே அண்ணி கால் விரலை அதில் இடித்துக்கொண்டு, "ஓஹோ, இந்த வீட்டுக்கு மூத்த மருமக நான் இல்ல, இதுதானா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து எறும்புக்கு அண்ணி என்றால் உயிர்.

முதல் வருடத்தில் இன்னொரு பேஸ்காரன் இருந்தான். இரண்டாவது பருவத்திலேயே சொகுசுக் கப்பல் ஒன்றில் வாசிக்க இடம் கிடைத்து, படிப்பைத் தலைமுழுகிவிட்டுப் போய்விட்டான். அதோடு எங்கள் துறைக்கே எறும்பு ஒருத்திதான். பாடுகிற பெண்களுக்கு அவள் வேண்டும். கித்தார்காரர்களுக்கு அவள் வேண்டும். நுழைவுத் தேர்வுக்கு வரும் புதுப் பிள்ளைகளோடு வாசித்துக் காட்டவும் அவள் வேண்டும். பயிற்சி அறைக் கதவுகளில் கைக்குட்டை அளவுக்கு ஒரு கண்ணாடி உண்டு. அவள் உள்ளே இருந்தால் அந்தக் கண்ணாடியில் எப்போதும் யாராவது ஒருவரின் மூக்கு அழுந்தியிருக்கும்.

"எறும்பு, வியாழக்கிழமை ஒரு மணி நேரம்?"

"சரி."

"பெருசா ஒண்ணும் இல்ல, மூணே பாட்டு."

"சரி, சுரக்குறிப்ப அனுப்பு."

அவள் சொந்தமாகப் பழக உட்காரும்போதுதான் இந்த மூக்குகள் வரும். நான் ஒருமுறை கதவின் கண்ணாடியில் காகிதம் ஒட்டி மறைத்தேன். பாதுகாவலர் வந்து கிழித்துவிட்டு, விதிப்படி அறைக்குள் ஆள் தெரிய வேண்டும் என்றார்.

கடைசி வருடத்தில்தான் கழுத்தில் கத்தி விழுந்தது. பட்டம் வாங்க ஒவ்வொரு மாணவரும் தனக்கென்று ஒரு குழுவைச் சேர்த்து, மூன்று தேர்வாளர்கள் முன் நாற்பது நிமிடக் கச்சேரி செய்ய வேண்டும். எல்லாருக்கும் அது இரண்டே வாரத்துக்குள். எல்லாருக்கும் பேஸ் வேண்டும். எறும்பு யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஏறக்குறைய ஒரு டஜன் கச்சேரிகளுக்கு ஒப்புக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒத்திகைகள் தனி. அவளுடைய சொந்தக் கச்சேரி கடைசி நாளில். அதில் என்ன வாசிக்கப் போகிறாள் என்பது யாருக்கும் தெரியாது, அவள் உட்பட.

பேஸ் வகுப்பெடுக்கும் மேடம் நாடக அரங்கின் வாத்தியக் குழுவில் வாசிப்பவர். வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார். அதிகம் பேசமாட்டார். "உன் பாட்டு எங்க?" என்று கேட்டார். "இன்னும் முடிவு பண்ணல மேடம்." அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது வாரம் மேடம் கேட்கவில்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது என்று பிறகு சொன்னாள்.

இங்கே மைனரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சாக்ஸபோன்காரன். மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் காலணி, எந்த வகுப்புக்கும் பத்து நிமிடம் தாமதமாக வந்து எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. ஜாஸ் படிக்கிற கூட்டத்தில் மைனர் என்று பெயர் வைத்தால் அதற்கு இரண்டு அர்த்தம். இரண்டுமே அவனுக்குப் பொருந்தின, ஏனென்றால் சோகமான மைனர் சுரங்களில் அவனை யாராலும் அடித்துக்கொள்ள முடியாது. இல்லாததைச் சொல்லக் கூடாது: அவன் வாசித்தால் கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறவர்கள்கூட குழாயை மூடிவிட்டுக் கேட்பார்கள். எறும்பு அவனுடைய கச்சேரியில் வாசிப்பது, அவன் எறும்பின் கச்சேரியில் வாசிப்பது என்று பேச்சு. அவள் தன் கச்சேரி முழுவதையும் அந்தச் சாக்ஸபோனை நம்பித்தான் மனதுக்குள் கட்டி வைத்திருந்தாள்.

அவளுடைய இடது கை மணிக்கட்டு சில வாரங்களாகவே சரியில்லை. முதலில் தண்ணீர்ப் பாட்டிலைத் திறக்க என்னிடம் நீட்டினாள். பிறகு பையை முழங்கையில் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். கேட்டால், "தூங்கி எழுந்தா சரியாயிடும்டீ" என்பாள். தூங்கினால்தானே எழுந்திருக்க?

கச்சேரிகள் தொடங்கி முதல் வாரம் முடிகிற சமயம். கேண்டீனில் நாங்கள் இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மைனர் வந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"எறும்பு, ஒரு சின்ன சிக்கல்."

"சொல்லு."

"உன் கச்சேரி அன்னிக்கு எனக்கு ஒரு ஹோட்டல்ல வாசிக்கக் கூப்பிட்டிருக்காங்க. பெரிய குழு. இப்ப விட்டா திரும்பக் கூப்பிட மாட்டாங்க. நீன்னா புரிஞ்சுக்குவேன்னு தெரியும்."

நான் வாயைத் திறந்தேன். எறும்பு மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

"சரி," என்றாள். "பரவாயில்ல. நல்லபடியா பண்ணு."

"நீ தங்கம்!" என்று அவள் தோளைத் தட்டிவிட்டு எழுந்தான். இரண்டடி போனவன் திரும்பி, "என் கச்சேரிக்கு நாளைக்கு ஒத்திகை, மறந்துடாதே" என்றான். அவன் கெட்டவன் இல்லை. கேட்டால் கிடைக்கும் என்று தெரிந்தவன், அவ்வளவுதான்.

அன்று மதியம் ஒரு பாடகியின் ஒத்திகை. மெதுவான பாட்டு, பேஸ் ஒரு நீண்ட கீழ்ச் சுரத்தைப் பிடித்து நிற்க வேண்டிய இடம். நான் பிரஷ்ஷால் டிரம் தோலை வருடிக்கொண்டிருந்தேன். திடீரென்று அடியில் ஒன்றுமில்லை. தரை காணாமல் போன மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தால், எறும்பின் இடது கை தானாக விரிந்திருக்கிறது, பேஸ் சரிகிறது, அவள் அதை உடம்பால் தாங்கி, அதோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "உடையல, உடையல" என்று எங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். முகம் சுண்ணாம்பு பூசின மாதிரி இருந்தது.

அவள் அப்பா கம்பெனி வேனிலேயே வந்துவிட்டார். பேஸைப் பின்னால் ஏற்றினார். மகளை முன்னால் உட்கார வைத்து, பெல்ட்டை அவரே மாட்டிவிட்டார். வழியில் ஒரு வார்த்தை பேசவில்லையாம். வாயாடி மனுஷன் பேசாமல் வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள் மருத்துவர் பெருவிரல் அடியில் அழுத்திப் பார்த்தார். அவள் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டாள். "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வாசிக்கிறீங்க?" என்று கேட்டார். அவள் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. "செக்கு மாட்டைக்கூட நடுவுல அவுத்து விடுவாங்கம்மா" என்றார் மருத்துவர். தசைநாண் வீங்கியிருந்தது. ஒரு மாதமாவது பேஸைத் தொடவே கூடாது; மீறினால் ஊசி, அதையும் மீறினால் கத்தி. கையில் பட்டை கட்டி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் நான் அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையைச் சுற்றி எல்லோரும் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள். எறும்பு பட்டை கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு பேரின் கச்சேரி பாக்கி இருந்தது. ஏழு பேருக்கும் அவள்தான் சொல்ல வேண்டும்.

"எனக்கு முடியாது அண்ணி. நீங்க சொல்லிடுங்களேன்."

"நான் எதுக்குச் சொல்லணும்? கை உன்னோடது." அண்ணிக்கு அப்போது நிறைமாதம். வயிற்றின் மேலேயே கிண்ணத்தை வைத்து உரித்துக்கொண்டிருந்தார். "நான் தினமும் நூறு பேருக்கு முடியாதுன்னு சொல்றவ. கேட்டுக்கோ. முதல்ல ஒரு தடவை மன்னிப்புக் கேளு. ஒரு தடவைதான். அப்புறம் காரணம் ஒண்ணே ஒண்ணு சொல்லு. ரெண்டு காரணம் சொன்னா பொய்னு நினைப்பாங்க. அப்புறம் வாயை மூடிக்கோ."

"மூடிக்கிட்டா?"

"அந்தப் பக்கம் அமைதியா இருக்கும். எரிச்சலா இருக்கும். உனக்கு உடனே 'சரி, நான் முயற்சி பண்றேன்'னு சொல்லத் தோணும். சொல்லக் கூடாது. அந்த அமைதி அவங்களோடது. அவங்களே நிரப்பட்டும்."

முதல் அழைப்பு பாடகிக்கு. எறும்பு மன்னிப்புக் கேட்டாள், காரணம் சொன்னாள், வாயை மூடினாள். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எறும்பின் உதடு பிரிந்தது. அண்ணி ஒரு பட்டாணியை எடுத்து அவள் மேல் எறிந்தார். உதடு மூடிக்கொண்டது. கடைசியில் போனுக்குள்ளிருந்து, "ஐயோ, ரொம்ப வலிக்குதா?" என்று குரல் கேட்டது. எறும்பின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

எல்லாரும் அப்படியில்லை. கித்தார்காரன் ஒருவன், "கடைசி நேரத்துல காலை வாருறியே" என்றான். இன்னொருவன் பதில் சொல்லாமலே வைத்துவிட்டான். மைனரைக் கடைசியாக வைத்திருந்தாள்.

"ஹோட்டல் விஷயத்துக்குத்தானே இப்படிப் பண்றே?" என்றான் அவன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா பட்டாணி உரிப்பதை நிறுத்திவிட்டார்.

"இல்ல," என்றாள் எறும்பு. "கை போச்சு. ஆனா நீ கேட்டதால சொல்றேன், ஹோட்டல் விஷயமும் எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு." வைத்துவிட்டாள். வைத்துவிட்டு, "அண்ணி, ரெண்டு காரணம் சொல்லிட்டேன்" என்றாள். அண்ணி சிரித்த சிரிப்பில் கிண்ணம் கவிழ்ந்து பட்டாணி கும்பகர்ணனுக்கு அடியிலெல்லாம் உருண்டோடியது.

அடுத்த வாரம் தாழ்வாரத்தில் குளிர் அடித்தது. பேசிக்கொண்டிருந்தவர்கள் அவளைக் கண்டதும் பேச்சை மாற்றினார்கள். ஆனாலும் அவள் ஒவ்வொரு கச்சேரிக்கும் வந்தாள், பட்டை கட்டிய கையோடு. அதுவரை மேடையில் பின்வரிசையில் நின்றே கேட்டுப் பழகியவள், முதல்முறையாக எதிரே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டாள்.

நாங்கள் எல்லோரும் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. மைனருக்குப் பியானோக்காரன் இடது கையாலேயே பேஸ் நடையை வாசித்துச் சமாளித்தான். அந்தப் பியானோக்காரனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அன்றைக்கு மட்டும் அவன் முழுசாக விழித்திருந்தான். மைனருக்கு முதல் வகுப்பு கிடைத்தது. பாடகி கித்தாரை மட்டும் வைத்துக்கொண்டு பாடினாள், நன்றாகவே இருந்தது. எல்லாவற்றையும்விட, 'காலை வாருறியே' என்றவன் செவ்வியல் துறையிலிருந்து ஒரு டியூபாக்காரனைப் பிடித்துக்கொண்டு வந்தான். அத்தனை பெரிய பித்தளைக் குழாய் பூம், பூம் என்று நடை போட்டதில் கூட்டமே குலுங்கிச் சிரித்து, கடைசியில் எழுந்து நின்று கைதட்டியது. எறும்பும் எழுந்து நின்று கைதட்டினாள், ஒரு கையால் தொடையில்.

பிறகு அவளைக் காணவில்லை. கழிவறையில் கைகழுவும் இடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"என்னைவிட அந்த டியூபா நல்லா இருந்துச்சு," என்றாள்.

"பொய் சொல்லாதே."

"சரி, நல்லா இல்ல. ஆனா போதுமா இருந்துச்சு. எல்லாருக்கும் போதுமா இருந்துச்சுடீ. நான் இல்லன்னா இவங்க கதி என்னன்னு நினைச்சுத்தானே இவ்வளவு நாள் ஓடினேன்?"

நான் கை துடைக்கும் காகிதத்தை உருவி உருவி நீட்டிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, "பசிக்குது" என்றாள். இருவரும் போய்ச் சாப்பிட்டோம். அவள் இரண்டு பங்கு சாப்பிட்டாள்.

விடுபட்டவர்களுக்குப் பருவம் முடிந்த பிறகு ஒரு மறுதேர்வு நாள் உண்டு. பட்டை அவிழ்ந்ததும், முதலில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம், பிறகு அரை மணி நேரம் என்று மேடம் அளந்துதான் வாசிக்க விட்டார். வாசிக்க முடியாத நேரத்தில் அவள் உட்கார்ந்து பாட்டு எழுதினாள். கல்லூரி காலியாகிவிட்டிருந்தது. கதவுக் கண்ணாடியில் மூக்கு எதுவும் அழுந்தவில்லை.

தூங்குமூஞ்சியும் நானும் அவளோடு சேர்ந்தோம். முதல் ஒத்திகையில் மூன்று பாட்டுகளை எங்கள் முன் வைத்தாள். இரண்டு பழையவை. மூன்றாவது அவளே எழுதியது. அவள் ஏறும் பேருந்தில் ஒரு நடத்துநர். பேஸுக்குத் தனி டிக்கெட் எடு என்று தினமும் மல்லுக்கு நிற்பவர். இவள், இது பொருள், ஆள் இல்லை என்பாள். அவர், அப்படியென்றால் அதை இடுப்பில் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பானேன் என்பார். இந்தச் சண்டைதான் பாட்டு.

"நீதான் நடத்துநர்," என்றாள் என்னிடம். "நான் பேசி முடிக்கிறதுக்குள்ள நீ குறுக்க விழணும்."

"எவ்வளவு மோசமா?"

"அவர் எவ்வளவு மோசமோ, அவ்வளவு."

நாலு வருடம் ஒன்றாக விழப் பழகிய நாங்கள், ஒருவர் மேல் ஒருவர் வேண்டுமென்றே தடுக்கி விழப் பழகினோம். அது சேர்ந்து விழுவதைவிடக் கஷ்டம்.

ஒரு நாள் ஒத்திகை நடுவில் மைனர் கதவைத் தட்டினான். கையில் சாக்ஸபோன் பெட்டி. சட்டை கசங்கியிருந்தது, அவனை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அந்த ஹோட்டல்ல என்னை ஒரு நாளோட அனுப்பிட்டாங்க," என்றான். "அத விடு. நான் அன்னிக்குப் பண்ணது தப்பு. உன் கச்சேரியில வாசிக்கிறேன். ஒத்திகைக்கெல்லாம் ஒழுங்கா வர்றேன்."

எறும்பு பேஸின் தோளில் தாடையை வைத்து யோசித்தாள். அவள் யோசித்து நான் பார்த்ததே அபூர்வம்.

"கோபமெல்லாம் போயிடுச்சு," என்றாள். "நிஜமாத்தான் சொல்றேன். ஆனா இந்தப் பாட்டுங்கள்ல எனக்கு சாக்ஸபோன் கேக்கல. நீ வந்தா எல்லாரும் உன்னைத்தான் கேப்பாங்க. நானும் உன்னைத்தான் கேப்பேன்."

அவன் முகம் விழுந்தது. பெட்டியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான். "சரி, கேக்க வரலாமா?" என்றான். "அதுக்கு வா," என்றாள்.

மறுதேர்வு நாளன்று சின்ன அரங்கில் பாதி நாற்காலிகள்கூட நிறையவில்லை. முன்வரிசையில் மூன்று தேர்வாளர்கள், ஓரமாக மேடம். அப்பா வேலைச் சீருடையிலேயே வந்திருந்தார். அம்மா, அண்ணன், பிறந்து மூன்று வாரமே ஆன பெண் குழந்தையோடு அண்ணி. பின்னால் மைனர், வருகிறவர்களுக்கெல்லாம் நாற்காலி இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

முதல் பாட்டு தடுமாற்றம். அவளுக்குக் கை பயம். ஒவ்வொரு சுரத்தையும் வெந்நீரில் கால் வைப்பது மாதிரி தொட்டுத் தொட்டு வைத்தாள். இரண்டாவது, மெதுவான பாட்டு. மெட்டையே பேஸ்தான் வாசிக்க வேண்டும். பாதியில் குழந்தை வீறிட்டது. அண்ணி எழுந்து கதவைத் தாண்டும் வரை எறும்பு அடுத்த சுரத்தை வாசிக்கவில்லை. நானும் தூங்குமூஞ்சியும் கையைத் தூக்கியபடி காத்திருந்தோம். அரங்கில் இருந்தவர்களுக்கு அது பாட்டிலேயே இருக்கிற இடைவெளி மாதிரி இருந்திருக்கும். எனக்குத் தெரியும், அப்படி ஒன்று கிடையாது. ஒத்திகையில் அந்த இடத்தில் இரண்டு தட்டுதான். அவள் யாருக்காகவும் அதை அவசரமாக நிரப்பவில்லை. கதவு சாத்திக்கொண்டது. பிறகு ஒரு கீழ்ச் சுரம் வந்தது. அந்த ஒரு சுரத்துக்காக நான் நாலு வருடம் டிரம்ஸ் படித்தேன் என்றால் மிகை இல்லை.

மூன்றாவது பாட்டில் நான் குறுக்கே விழுந்தேன், அவள் முறைத்தாள், நான் மறுபடி விழுந்தேன். அப்பாதான் முதலில் சிரித்தார். அப்புறம் தேர்வாளர்களில் ஒருவர் எழுதுவதை விட்டுவிட்டுச் சிரித்தார். கடைசியில் பேஸும் டிரம்ஸும் ஒரே நேரத்தில் கத்தி ஓய்ந்தபோது, பின்னாலிருந்து மைனர் விசில் அடித்தான்.

இரண்டாம் வகுப்பு கொடுத்தார்கள். முதல் பாட்டில் நம்பிக்கை போதாது, இரண்டாவது கொஞ்சம் நீளம் என்று குறிப்பு. எறும்பு மறுக்கவில்லை. "முதல் பாட்டு விஷயம் நிஜம்தான். ரெண்டாவது நீளமில்ல," என்றாள், என்னிடம் மட்டும். அப்பா வெளியே வந்து, "நடுவுல லிஃப்ட் நின்னுபோன மாதிரி ஆயிடுச்சேம்மா, நான் பதறி எழுந்தே நின்னுட்டேன், அப்புறம் பார்த்தா தானா இறங்கிடுச்சு" என்றார். அம்மா பட்டை இல்லாத அந்தக் கையை வாங்கித் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். பேருந்து நிறுத்தம் வரை விடவே இல்லை.

அடுத்த வருடத்திலிருந்து துறையில் ஒரு விதி வந்தது: கடைசித் தேர்வுக் காலத்தில் எந்த மாணவரும் மற்றவர்களின் மூன்று கச்சேரிகளுக்கு மேல் வாசிக்கக் கூடாது, ஆள் போதாவிட்டால் கல்லூரியே வெளியிலிருந்து வரவழைக்கும். டிராம்போன் சார் சண்டை போட்டு வாங்கிய விதி என்று கேள்வி. அதற்குக் காரணமானவள் யார் என்று இப்போது படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது.

எறும்பு இப்போது நாடக அரங்கில், மேடத்துக்குப் பக்கத்து நாற்காலியில் வாசிக்கிறாள். வியாழக்கிழமைகளில் தூங்குமூஞ்சியும் சேர்ந்து நாங்கள் மூவரும் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு உணவகத்தில் வாசிக்கிறோம். ஜனங்கள் சாப்பிட்டுக்கொண்டே, பேசிக்கொண்டேதான் கேட்பார்கள். சிலர் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் ஓடுவார்கள். மழை நாளில் அவளுக்கு மணிக்கட்டு வலிக்கும். அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிடுவாள். முதலாளி முறைத்தாலும் நிறுத்திவிடுவாள். ஆனால் பழைய புத்தி முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போன மாதம்கூட யாரோ கேட்டார்கள் என்று ஒரு கல்யாணம், ஒரு பள்ளி விழா, ஒரு குறும்படம் மூன்றையும் ஒரே நாளில் ஒப்புக்கொண்டு, அண்ணியிடம் திட்டு வாங்கினாள்.

மைனர் சென்ற வருடம் தன் முதல் ஒலித்தட்டைப் போட்டான். எட்டுப் பாட்டுகள். எறும்பைக் கூப்பிட்டான். "முதல்ல கேக்கறேன், அப்புறம் சொல்றேன்," என்றாள். ஒரு வாரம் கேட்டாள். மூன்றைத் தேர்ந்தெடுத்தாள். "இந்த மூணும் எனக்குள்ள ஓடுது. மத்தது நல்லாத்தான் இருக்கு, ஆனா எனக்கு ஒண்ணும் தோணல. வேற நல்ல ஆள் சொல்றேன்," என்றாள். அவன் கொஞ்ச நேரம் அலட்டிக்கொண்டான், பிறகு ஒத்துக்கொண்டான். அந்த மூன்றில் ஒன்றுதான் தான் வாசித்ததிலேயே சிறந்தது என்று இப்போது அவனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அவள் அம்மா அந்த ஒலித்தட்டைத் தையல் கடையில் போனில் போட்டுவிடுகிறாராம். பெண்கள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டே தைக்கிறார்கள். அதில் எறும்பு வாசித்த ஒரு வேகமான பாட்டு வரும்போது மட்டும் அம்மா எழுந்து போய் நிறுத்திவிடுவாராம். எல்லோரின் காலும் தையல் மெஷின் மிதியில் தாளம் போட ஆரம்பித்துவிடுகிறது, தையல் கோணலாக ஓடிவிடுகிறது என்பது அவருடைய புகார்.